யாழ்ப்பாண வெக்கையில் பியர் வகைகளைச் சுவைத்து அறிதல்: முழுமையான வழிகாட்டி

லாகரும் ஸ்ட்ரோங்கும் மட்டும் குடித்துப் பழகிய நாலு பேர் ஒரு மாலையில் ஐந்து வகை பியர்களைச் சுவைத்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியக் கற்றுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். சில ஆண்டுகளாக எங்கள் வீட்டு விறாந்தையில் இதை நடத்தி வருகிறேன். புதிதாக வருபவர்களின் நாக்கில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. போத்தலைத் திறப்பதற்கு முந்திய நாட்களிலேயே காரியம் கெட்டுப் போயிருக்கும். பியரைப் பற்றிய வெளிநாட்டுக் குறிப்புகள் 20 பாகை செல்சியஸ் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் விறாந்தையில் மாலை ஆறு மணிக்கும் 30 பாகை இருக்கும். கீழேயுள்ள படிகளின் ஒழுங்கு அந்த வெக்கையைக் கணக்கில் எடுத்து அமைந்தது. ஆகவே ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் மூன்று விடயங்கள். இலங்கையில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது. போயா நாட்களில் மதுக்கடைகள் பூட்டு. திகதியைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் வருபவர் அன்றிரவு அதை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டு ஓட்டோவில் போகவேண்டும் என்பது எங்கள் வீட்டு நிபந்தனை. உங்கள் வீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் குசினிக்குப் போங்கள்

சுவைத்த பியரைப் பற்றிப் புதியவர் சொல்லும் சொற்கள் இரண்டுதான்: "கசக்குது", "பரவாயில்லை". மணங்களுக்குப் பெயர் தெரியாத வரைக்கும் மூளை அவற்றைத் தனித்தனியாகப் பிடிப்பதில்லை. எனவே சுவைக்கும் நாளுக்கு முந்திய நாள் ஒரு தட்டில் சில பொருட்களை எடுத்து வையுங்கள்: இரண்டு கராம்பு, நன்றாகப் பழுத்த கதலி வாழைப்பழம், தேசிக்காய்த் தோல், தோடம்பழத் தோல், இடித்த மல்லி, கோப்பித்தூள், பனங்கட்டி, பாணின் கருகிய ஓரம், ஒரு கரண்டி நெஸ்டமோல்ட், சிறிது தயிர். பருவமாக இருந்தால் ஒரு கறுத்தக்கொழும்பான் துண்டும் கொடித்தோடம்பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மணந்து பெயரைச் சொல்லுங்கள். இது விளையாட்டாகத் தெரியும். ஆனால் மறுநாள் கோதுமை பியரில் கராம்பு இருப்பதைக் கண்டுபிடிப்பவர்கள், முதல் நாள் கராம்பை மணந்தவர்கள்தான். நெஸ்டமோல்ட் கட்டாயம் இருக்கட்டும். பியரின் முதுகெலும்பான வாற்கோதுமை மோல்டின், அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய வாற்கோதுமையின், மணம் அதில் அப்படியே இருக்கிறது.

அடுத்தது கசப்பு. வேப்பம்பூ வடகத்தில் ஒரு சிறு துண்டையும், அதிக நேரம் ஊறிய பால் சேராத தேயிலைச் சாயத்தில் ஒரு மிடறையும் அடுத்தடுத்து வாயில் வையுங்கள். முதலாவது கசப்பு, இரண்டாவதில் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. துவர்ப்புக்கென்று தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில் பிறந்தும், பியர் என்று வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கசப்பு என்றே சொல்லிவிடுகிறோம். பியருக்குக் கசப்பும் மணமும் தருவதற்காகச் சேர்க்கும் ஹொப்ஸ் பூவின் கசப்பு சரியான குணம். தடித்த துவர்ப்பு பெரும்பாலும் காய்ச்சியவரின் பிழை. இந்த வேறுபாடு தெரியாமல், ஹொப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகைக்குப் போனால் அது வீண் செலவு.

2. ஐந்து பியர்களைத் தேர்ந்தெடுத்தல்

முதல் மாலைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆறாவதிலிருந்து மூக்கு களைத்துவிடும். பிறகு எழுதும் குறிப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

உள்ளூர் லாகர் ஒன்று, கோதுமை பியர் ஒன்று, பேல் ஏல் ஒன்று, ஐ.பி.ஏ. ஒன்று, ஸ்டவுட் ஒன்று. இவற்றுள் லாகரும் ஸ்டவுட்டும் இங்கேயே கிடைக்கும். மற்ற மூன்றும் கொழும்பிலிருந்தோ, லண்டன், ரொறன்ரோ உறவினரின் பெட்டியிலிருந்தோ வரவேண்டும். ஒரே பிராண்டில் ஐந்து வாங்குவதும், ஐந்தும் ஐ.பி.ஏ. ஆக வாங்குவதும் புதியவரின் வழக்கமான பிழைகள். வேறுபாடு பெரிதாக இருந்தால்தான் முதல் தடவை கற்க முடியும்.

அளவுக்கணக்கு எளிது. 330 மில்லிலீற்றர் ரின் ஒன்றை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர். ஐந்து வகைக்கும் 400. சராசரி மதுச்செறிவு 6 சதவீதம் என்று எடுத்தால் உள்ளே போகும் தூய மது 24 மில்லிலீற்றர், 4.8 சதவீத லாகர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்றை ஒருவர் தனியே குடித்ததற்குச் சமம். சுவைத்தறிய இந்த அளவு தாராளம்.

ரின்னில் மூன்று எண்களைப் பாருங்கள். முதலாவது அடைத்த திகதி. அது இல்லாமல் காலாவதித் திகதி மட்டும் இருந்தால், ஐ.பி.ஏ. வகைக்கு அது போதாது. இரண்டாவது மதுச்செறிவு. மூன்றாவது, சில ரின்களில் மட்டும் போட்டிருக்கும் கசப்பு எண்ணான ஐ.பி.யு. கோதுமை பியரில் இது 8 முதல் 15 வரை இருக்கும், அமெரிக்க ஐ.பி.ஏ. வகையில் 40 முதல் 70 வரை. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக் கசப்பை மதிப்பிடக் கூடாது. மோல்டின் இனிப்பு கூடிய ஸ்டவுட்டில் 50 என்பது, இனிப்பில்லாத பில்ஸ்னர் என்னும் லாகர் வகையில் 40 என்பதை விட மென்மையாகத் தெரியும்.

3. கொண்டுவருதலும் வைத்திருத்தலும்

அதிகம் பேர் விழும் இடம் இது.

பியர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 பாகையில் மூன்று நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள்: மூன்றும் பியரை ஏறத்தாழ ஒரே அளவு பழசாக்கும். முதல் எண்ணைத் திரும்பப் படியுங்கள். 32 பாகை என்பது எங்கள் அலுமாரி.

இதை நான் கற்றது ஒரு நட்டத்தில். ஓர் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் நாலு நல்ல ஐ.பி.ஏ. ரின்களைக் கொண்டுவந்தார். கொடியேற்றத்திலிருந்து பூங்காவனம் முடியும் வரை எங்கள் வீட்டில் மச்சமும் இல்லை, போத்தலும் இல்லை. விரத நாளில் பியர் ரின்னைப் பிறிட்ஜில் வைக்கவும் அம்மா சம்மதிக்கவில்லை. அவை 25 நாளுக்கு மேல் மாடி அறையின் சூட்கேசில் கிடந்தன. திறந்தபோது மாம்பழ மணமும் இல்லை, தோடம்பழ மணமும் இல்லை. நனைந்த கடதாசி மணமும், அடிநாக்கில் ஒரு காறலும் மட்டும் மிஞ்சியிருந்தன. "இதுக்கோ அண்ணை இவ்வளவு கதை?" என்று கேட்ட தம்பி, அதற்குப் பிறகு ஒரு வருடம் ஐ.பி.ஏ. பக்கமே வரவில்லை.

காரணம் இதுதான். ஹொப்ஸின் கசப்பு நீண்ட நேரக் கொதிப்பில் உருவாவது, ஓரளவு தாங்கும். அதன் மணம் கொதிப்பின் கடைசியிலும், நொதித்த பிறகு குளிராகவும் ஹொப்ஸைச் சேர்ப்பதால் வருவது. வெப்பமும் ஒட்சிசனும் அதை விரைவில் அழித்துவிடும். மணம் போன ஐ.பி.ஏ. வெறும் கசப்புத் தண்ணீர். ஆகவே வெளியிலிருந்து வரும் பியரில் ஐ.பி.ஏ., பேல் ஏல் இரண்டும் முதலில் பிறிட்ஜுக்குப் போகவேண்டும். இடம் போதாவிட்டால் ஸ்டவுட்டை வெளியே விடுங்கள். கூடிய மதுவும் வறுத்த தானியமும் அதை ஓரளவு காப்பாற்றும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருவதானால் பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடாமல், ஐஸ் பொதி வைத்த றெஜிபோம் பெட்டியில் போட்டு மடியருகே வையுங்கள். பச்சைப் போத்தலையும் நிறமற்ற போத்தலையும் வெயிலில் கொண்டுபோகவே வேண்டாம். ஒளி பட்டதும் ஹொப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றம் பிறக்கிறது. எங்கள் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே போதும். மண்ணிறப் போத்தல் பெருமளவு தடுக்கும். ரின் முழுவதும் தடுக்கும். இரண்டும் இருந்தால் ரின்னையே எடுங்கள்.

4. கிளாஸும் தண்ணீரும்

குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. அதில் கழுவித் தானாகக் காயவிட்ட கிளாஸின் உள்ளே மெல்லிய வெண்படலம் படியும்; சில ஊர்களில் உப்பும் சேரும். அந்தப் படலத்தில் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். மீன் குழம்புச் சட்டி கழுவிய பஞ்சால் கிளாஸைத் தேய்த்தால் எண்ணெய் ஒட்டி, நுரை அரை நிமிடத்தில் விழுந்துவிடும். இரண்டையும் பார்த்துவிட்டு "பியர் பழுது" என்று சொல்பவர்கள் பலர்.

கிளாஸைத் தனிப் பஞ்சாலும் சிறிது தேசிக்காய்ச் சாற்றாலும் தேய்த்து, நன்றாக அலசி, கவிழ்த்து வையுங்கள். சோதிப்பதற்கு உள்ளே நனைத்து உப்புத்தூளைத் தூவுங்கள். சுத்தமான கிளாஸில் உப்பு எங்கும் சீராக ஒட்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் ஒட்டாது. சோதித்த பின் மறக்காமல் அலசுங்கள்.

விலையான கிளாஸ் தேவையில்லை. வாய் சற்றே ஒடுங்கிய, மெல்லிய கண்ணாடிக் கிளாஸ் இருந்தால் போதும். ஒடுங்கிய வாய் மணத்தைத் தேக்கும். எவர்சில்வர் ரம்ளரில் நிறம் தெரியாது. வாய் கொப்பளிக்க உவர் இல்லாத தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

5. குளிர்நிலை

அதிகக் குளிர் மணத்தை அடக்கும், இனிப்பை மறைக்கும். லாகருக்கு 4 முதல் 7 பாகை, கோதுமை பியருக்கு 6 முதல் 8, பேல் ஏல், ஐ.பி.ஏ. இரண்டுக்கும் 7 முதல் 10, ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் விறாந்தையில் 4 பாகையில் எடுத்த 330 மில்லிலீற்றர் ரின் 10 பாகைக்கு வருவதற்குக் கால் மணித்தியாலம் அல்லது சற்றுக் கூடப் பிடிக்கிறது. ஆகவே ஸ்டவுட்டைச் சுவைப்பதற்கு 20 நிமிடம் முன்பும், ஐ.பி.ஏ. ரின்னை 10 நிமிடம் முன்பும் எடுங்கள். லாகரை எடுத்தவுடன் ஊற்றுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று கிளாஸின் சூடு. 30 பாகையில் இருக்கும் தடித்த கிளாஸில் 80 மில்லிலீற்றர் பியரை ஊற்றினால், ஊற்றிய கணத்திலேயே பியர் சில பாகை சூடாகிவிடும். ஊற்றும் முன் கிளாஸைக் குளிர்தண்ணீரால் ஒருமுறை அலசி உதறிவிட்டால் இது நிற்கும். உறைபெட்டியில் கிளாஸை வைக்க வேண்டாம். உள்ளே பனி படிந்து, உருகி, பியரோடு கலக்கும். பியருக்குள் ஐஸ் போடுவதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது வேறு பானம்.

6. ஒழுங்கு

மென்மையிலிருந்து கடுமைக்குப் போங்கள்: லாகர், கோதுமை, பேல் ஏல், ஐ.பி.ஏ., ஸ்டவுட். கசப்பு நாக்கில் தங்கும், ஐ.பி.ஏ. குடித்த வாயில் கோதுமை பியர் தண்ணீராகத் தெரியும். அதை ஒருமுறை செய்துவிட்டால் அந்த இரவு திரும்பப் பெற முடியாது.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் ஸ்டவுட் 4 சதவீதமளவில் உள்ள ஐரிஷ் வகையானால், அதை ஐ.பி.ஏ. வகைக்கு முன்னே வையுங்கள். கறுப்பு நிறத்தைக் கண்டு அதைக் கடுமையானதென்று எண்ணிக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கமான பிழை. 8.8 சதவீத லயன் ஸ்டவுட் போன்றது எப்போதும் கடைசி.

7. ஊற்றி, பார்த்து, மணந்து, விழுங்குதல்

கிளாஸைச் சரித்துப் பாதி ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றி ஒரு விரல் அளவு நுரை எழ விடுங்கள். நுரையே வராமல் ஊற்றுவது கெட்டித்தனமென்று இங்கே ஒரு நம்பிக்கை. அப்படி ஊற்றினால் மணம் மேலே வராது. வாயு வயிற்றுக்குள் போய் ஊதும்.

பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். நிறம், தெளிவு, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பவற்றைப் பாருங்கள். வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்தால் நிறம் பொய் சொல்லாது.

குடிக்க முன் மணக்கவேண்டும். மெல்லிய மணங்கள் முதல் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே பறந்துவிடும். நீளமாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக மூன்று முறை உள்ளே எடுங்கள்; பிறகு கிளாஸை விலக்கி, மனத்தில் முதலில் வந்த குசினிப் பொருளை எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டாம். ஒருவர் "மாம்பழம்" என்றால் எல்லோருக்கும் மாம்பழம் மணக்கத் தொடங்கிவிடும்.

பிறகு ஒரு மிடறு. வாயெங்கும் பரவவிட்டு விழுங்கி, வாயை மூடியபடி மூச்சை மூக்கால் வெளியே விடுங்கள். தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம் கிளாஸில் கிடைத்ததற்கு வேறாக இருக்கும். பத்து வரை எண்ணி, எஞ்சியிருப்பது கசப்பா, துவர்ப்பா, இனிப்பா என்று குறியுங்கள். பின்னர் தண்ணீர், ஒரு துண்டு வெறும் பாண். அதன் பிறகு அடுத்தது.

8. ஒவ்வொன்றிலும் எதைத் தேடுவது

லாகரை அலட்சியமாகக் கடக்காதீர்கள்; மற்ற நாலையும் அளக்கும் அளவுகோல் அதுதான். லாகர் மதுவம், அதாவது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அந்த ஈஸ்ட், ஏறத்தாழ 7 முதல் 13 பாகைக் குளிரில் மெதுவாக வேலை செய்வதால் தன் மணத்தை அதிகம் விடுவதில்லை. நெஸ்டமோல்ட்டின் மெல்லிய இனிப்பும், பாணின் உள்பகுதி மணமும், சிறு கசப்பும் இருந்தால் சரி.

கோதுமை பியரில் மதுவம்தான் பேசும். எர்டிங்கர் போன்ற ஜெர்மன் வகையில் பாதிக்குக் குறையாத பங்கு கோதுமை மோல்ட். அதன் வாழைப்பழ மணமும் கராம்பு மணமும் யாரும் போட்டவை அல்ல. நொதிக்கும்போது மதுவமே உண்டாக்குபவை. ஹூகார்டன் போன்ற பெல்ஜிய வகையில் மல்லியும் தோடம்பழத் தோலும் உண்மையாகவே சேர்க்கப்படுகின்றன. ஜெர்மன் வகையில் கடைசி இரண்டு விரல் அளவைப் போத்தலிலேயே விட்டு, மெல்லச் சுழற்றி, அடியில் படிந்த மதுவத்தையும் சேர்த்து ஊற்றுங்கள். மண்டியென்று கொட்டினால் பாதிச் சுவை போய்விடும்.

பேல் ஏலில் மோல்டும் ஹொப்ஸும் சமமாக நிற்கும். சியரா நெவாடா பேல் ஏல் 5.6 சதவீதம், கசப்பு எண் 38. அதன் காஸ்கேட் ஹொப்ஸில் புளித்தோடையின் தோலும் சிறிது ஊசியிலை மரப் பிசினும் மணக்கும். தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறி மணந்த நினைவு இங்கே உதவும்.

ஐ.பி.ஏ. வகையில் முதல் மிடறை நம்பாதீர்கள். எங்கள் விறாந்தையில் முதல் மிடறுக்குக் கிடைத்த மிகச் சரியான தீர்ப்பு "வேப்பம்பூ வடகத்தைக் கரைச்ச மாதிரி" என்பது. அதே ஆள் நாலாவது மிடறில் கிளாஸை மூக்கருகே பிடித்தபடி நின்று, "இது கறுத்தக்கொழும்பான் வெட்டின கையெல்லோ" என்றார். சிட்ரா போன்ற ஹொப்ஸ் வகைகளில் மாம்பழமும் கொடித்தோடையும் தெளிவாக மணக்கும். கசப்புக்கு நாக்கு பழகச் சில மிடறுகள் வேண்டும். அதுவரை மூக்கை முன்னே விடுங்கள்.

ஸ்டவுட்டின் கறுப்பு, வறுத்த வாற்கோதுமையிலிருந்து வருவது. ஆகவே கோப்பி, கருகிய பாண், சொக்கிலேற். லயன் ஸ்டவுட், வெப்பமண்டல ஸ்டவுட் என்ற வகைக்கு பி.ஜே.சி.பி. என்னும் அமெரிக்க பியர் நடுவர் அமைப்பு காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. இந்த வகையில் கருகலை விட இனிப்பு முந்தும். பனங்கட்டியையும் முந்திரிகை வற்றலையும் தேடுங்கள். இதைக் கடுங்குளிரில் குடித்தே பழகியவர்கள் 12 பாகையில் ஒருமுறை சுவைத்தால் வேறு பியர் என்றே நினைப்பார்கள்.

புளிப்பு பியர்களை முதல் மாலைக்குச் சேர்க்கவில்லை. அவற்றுக்கு இங்கே ஆயத்தம் ஏற்கனவே இருக்கிறது. தவறணையில் பிளாவில் பனங்கள் குடித்தவர்கள், காலையில் இறக்கியது மாலையில் எப்படிப் புளிக்கிறது என்று அறிவார்கள். முட்டியில் தானாக வந்து சேரும் மதுவமும் பற்றீரியாவும் செய்யும் வேலையையே, பிரசல்ஸ் பக்கத்து லம்பிக் பியரில் காற்றோடு வந்து சேர்பவை செய்கின்றன. தயிர்ப் புளிப்பு, வினாகிரிப் புளிப்பு இரண்டையும் கள்ளில் பிரித்தறியப் பழகுங்கள். பிறகு கோசே என்னும் ஜெர்மன் புளிப்பு பியர், லம்பிக் எதுவும் அந்நியமாக இராது.

9. பழுதா, வகையின் குணமா?

நனைந்த கடதாசி மணம் எந்த வகையிலும் பழசின் அடையாளம். வெண்ணெய் மணம் லாகரில் பிழை. அவித்த சோளத்தின் மணம் கூடுதலாக இருந்தால் அதுவும் பிழை. வெட்டிய பச்சை அப்பிள் மணம், நொதிப்பு முடியாமல் அடைத்ததைக் காட்டும். வாழைப்பழ மணம் கோதுமை பியரில் குணம். லாகரில் வந்தால் குறை. கலங்கலும் அப்படித்தான். முதலில் வகையைச் சொல்லுங்கள், பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள்.

10. சாப்பாடு

சுவைத்து முடியும் வரை கடியாக எதுவும் வேண்டாம். பருத்தித்துறை வடையும் அப்படித்தான். மிளகாய் உறைப்பை மதுவும் ஹொப்ஸும் தூக்கிவிடும். நண்டுக் கறியோடு ஐ.பி.ஏ. குடிப்பவர் இரண்டையும் இழப்பார். முடிந்த பிறகு இறால் பொரியலுக்குக் கோதுமை பியரும், ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு ஸ்டவுட்டும் நன்றாகச் சேரும். என் கணிப்பில் சொதியோடு எந்த பியரும் சேராது.

11. இரண்டாவது மாலை: முக்கிளாஸ் சோதனை

ஒரு மாதம் கழித்து இதைச் செய்யுங்கள். ஒருவர் உள்ளே போய், மூன்று கிளாஸில் ஊற்றிக் கொண்டுவரட்டும்: இரண்டில் ஒரே லாகர், ஒன்றில் வேறு கம்பனியின் லாகர். கிளாஸின் அடியில் எண் ஒட்டியிருக்கட்டும். நிறம் காட்டிக்கொடுக்காதபடி விளக்கைக் குறைத்துவிடுங்கள். தனித்து நிற்பது எது என்று ஒவ்வொருவரும் பேசாமல் எழுதவேண்டும்.

குருட்டாம்போக்கில் எழுதினாலும் மூவரில் ஒருவருக்குச் சரியாக வரும் என்பதால், ஒரு தடவை சரியாகச் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒழுங்கை மாற்றி மாற்றி மூன்று தடவை ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மிடறுக்கு மேல் ஊற்ற வேண்டாம். மூன்றிலும் சரியாகச் சொல்வது தற்செயலாக நடக்க 27இல் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் தடவை மூன்றும் சரியாக எழுதியவர் ஒருவர் மட்டுமே. அவர் அன்றைக்கு லாகர் மட்டும் போதுமென்று சொல்லி வந்திருந்த தம்பி.